ஏன் அமெரிக்காவுக்கு எழுத வேண்டியிருந்தது?

(மருந்துத் துறைத் தொழிற்சங்கப் பணியில் நீண்ட காலம் ஈடுபட்டுவரும் தோழர் ஒருவர் கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



2005 ஆகஸ்ட் மாதத்தில், தில்லியை அடுத்த குர்கானிலிருந்து அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. எழுதியவர் தமது சொந்தப் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்தியாவின் முன்னணி மருந்து நிறுவனமான ரான்பாக்ஸி, தனது மருந்துகளின் பரிசோதனைத் தரவுகளைப் பொய்யாகத் தயாரித்துப் பல நாட்டு அரசாங்கங்களுக்குச் சமர்ப்பித்து வருகிறது என்பதே அம்மின்னஞ்சலின் சாரம். அதை எழுதிய தினேஷ் தாக்கூர், சில மாதங்களுக்கு முன்புதான் அந்நிறுவனத்தின் தகவல் மேலாண்மைப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார்.

மருந்துகள் தயாரானது இமாச்சலப் பிரதேசத்தின் பாவோன்டா சாகிபிலும் மத்தியப் பிரதேசத்தின் தேவாசிலும். அவற்றை உட்கொண்டவர்களில் நம் நாட்டு மக்களும் ஆப்பிரிக்க மக்களும் உண்டு. முறைகேட்டைக் கண்டறிந்தவரும் ஓர் இந்தியர். அப்படியிருக்க, அவர் ஏன் அமெரிக்காவுக்கு எழுத வேண்டியிருந்தது? இன்றைய உரையில் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், ரான்பாக்ஸியின் எய்ட்ஸ் மருந்துகளுக்காகச் சோதனை நடத்திய ஐதராபாத் ஆய்வகம் ஒன்றை ஆராய்ந்து, தரவுகள் நம்பத்தக்கவையாக இல்லை என்று கண்டது. அம்மருந்துகள் சில அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கலவரமடைந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர், மற்ற நாடுகளுக்குக் கொடுத்த தரவுகளின் நிலை என்ன என்று கண்டறியும் பணியைத் தாக்கூரிடம் ஒப்படைத்தார். தாக்கூரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு நாடாக, ஒவ்வொரு மருந்தாகப் பார்த்துக்கொண்டே சென்றார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், இருநூறுக்கும் மேற்பட்ட மருந்துகள். பல இடங்களில் மூலத் தரவு என்று ஒன்றே இல்லை. கண்காணிப்பு பலவீனமாக உள்ள நாடுகளில்தான், அதாவது இந்தியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய இடங்களில்தான் நிலைமை மிக மோசமாக இருந்தது. அறிக்கை இயக்குநர் குழுவின் உட்குழு ஒன்றின் முன் வைக்கப்பட்டது. அதன் பிறகு ஆராய்ச்சித் தலைவர் விலகினார், தாக்கூரும் விலகினார். மருந்துகள் சந்தையில் தொடர்ந்தன.

தரவைப் பொய்யாகத் தயாரிப்பது என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு மாத்திரை இரண்டாண்டு காலம் கெடாமல் இருக்கும் என்று உறையில் அச்சிட வேண்டுமானால், அதைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்திருந்து மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று தவணை முறையில் சோதிக்க வேண்டும். இதை நிலைப்புத்தன்மைச் சோதனை என்பார்கள். ரான்பாக்ஸி பின்னாளில் அமெரிக்க நீதிமன்றத்தில் என்ன ஒப்புக்கொண்டது? மாதக்கணக்கான இடைவெளியில் நடத்தியதாகச் சொன்ன சில சோதனைகள் ஒரே நாளிலோ அடுத்தடுத்த சில நாட்களிலோ நடத்தப்பட்டன. குறிப்பிட்ட வெப்பத்தில் இருந்திருக்க வேண்டிய மாதிரிகள் குளிர்பதனப் பெட்டியில் இருந்தன. நமது மேடைகளில் மருந்து விலை பற்றிப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் மலிவாகக் கிடைத்த மாத்திரைக்குள் மருந்து இருக்கிறதா என்ற கேள்வியை நாம் போதுமான அளவு எழுப்பியதில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

மின்னஞ்சலுக்கும் தீர்ப்புக்கும் இடையே எட்டு ஆண்டுகள் கடந்தன. 2007 பிப்ரவரியில் நியூஜெர்சியில் உள்ள ரான்பாக்ஸி அலுவலகத்தில் அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டார்கள். அதே ஆண்டு தாக்கூர் மேரிலாந்து மாநில ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2008 செப்டம்பரில், பாவோன்டா சாகிப், தேவாஸ் ஆலைகளில் தயாரான முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளை இறக்குமதி செய்ய அமெரிக்கா தடை விதித்தது. 2013 மே 13 அன்று ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை ஏழு குற்றப்பிரிவுகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அதில் 15 கோடி டாலர் குற்றவியல் அபராதமும் பறிமுதலும். 35 கோடி டாலர் உரிமையியல் வழக்குகளைத் தீர்த்துக்கொள்வதற்கு. தனிநபர் எவரும் சிறை செல்லவில்லை.

இனி, பணம் யாருக்குப் போயிற்று என்று பார்ப்போம். வர்க்கக் கண்ணோட்டத்தில் இதுவே முக்கியமான கேள்வி. தாக்கூர் தொடுத்த வழக்கு 1863ஆம் ஆண்டின் பொய் உரிமைகோரல் சட்டத்தின் கீழ் வருவது. உள்நாட்டுப் போரின்போது லிங்கனின் படைகளுக்கு உளுத்த பொருட்களை விற்றுக் கொழுத்த ஒப்பந்தக்காரர்களைப் பிடிப்பதற்காக வந்த சட்டம் அது. அரசாங்கக் கருவூலத்தை ஏமாற்றியவர் மீது, அரசாங்கத்தின் சார்பில் எந்தத் தனிநபரும் வழக்குத் தொடுக்கலாம். மீட்கப்படும் பணத்தில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. தாக்கூருக்குச் சுமார் 4.86 கோடி டாலர் கிடைத்தது. அதைப் பொறாமையுடன் பார்க்க வேண்டியதில்லை. வேலையை விட்டு, எட்டு ஆண்டுகள் மூச்சுவிடாமல் இரகசியம் காத்த ஒருவருக்கு அது கிடைத்தது. மீதமுள்ள பணம் அமெரிக்காவின் ஃபெடரல், மாநிலக் கருவூலங்களுக்குச் சென்றது. ஏனெனில் சட்டத்தின் பார்வையில் ஏமாற்றப்பட்டது அமெரிக்க அரசு.

இன்னொருவருக்கும் நீதி கிடைத்தது. 2008இல் ஜப்பானின் தாய்ச்சி சாங்கியோ நிறுவனம் ரான்பாக்ஸியை 460 கோடி டாலர் மதிப்பிலான பேரத்தில் வாங்கியது. முன்னாள் உரிமையாளர்கள் உண்மையை மறைத்து விற்றார்கள் என்று அது சிங்கப்பூரில் நடுவர் மன்றத்தை நாடியது. 2016இல் வட்டியும் செலவும் சேர்த்துச் சுமார் 3,500 கோடி ரூபாய் அதற்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆக, அமெரிக்கக் கருவூலத்துக்கு நீதி. ஜப்பானிய மூலதனத்துக்கு நீதி. தேவாஸ் ஆலையின் மாத்திரையை விழுங்கிய தேவாஸ் நகர நோயாளிக்கு? எய்ட்ஸ் மருந்து என்று நம்பி எதையோ உட்கொண்ட ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு? அவர்கள் எந்த வழக்கிலும் தரப்பினர் இல்லை. அதுமட்டுமல்ல, அந்த அமெரிக்க வழக்கு விசாரணைக் காலம் முழுவதும் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்தது. தாக்கூருக்குத் தெரிந்தது நோயாளிகளுக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் நடைமுறை விளைவு.

இந்த இடத்தில் போபாலை நினைவுகூராமல் இருக்க முடியாது. நான் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக மத்தியப் பிரதேசத்தில் பல ஆண்டுகள் சுற்றியவன். போபாலும் தேவாசும் எனக்கு வேலைப் பகுதிகள்.

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் தொழிற்சங்கத்தினர் ஊர்ச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டினார்கள்; ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின், லட்சக்கணக்கான நகர மக்களின் உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த கார்பைடின் சொந்த நிபுணர் குழு 61 ஆபத்துகளைக் கண்டறிந்து, அவற்றில் 30 கடுமையானவை என்று எழுதிக் கொடுத்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் தமது சிறிய வாரப் பத்திரிகையில் அடுத்தடுத்து எச்சரித்தார். மாநில அமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, ஆபத்து ஏதும் இல்லை, ஆலை ஒன்றும் தூக்கி வேறிடத்தில் வைக்கக்கூடிய கல் அல்ல என்றார். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே, உண்மையை உரக்கச் சொன்னவர்கள் இல்லாமல் போகவில்லை. தொழிலாளி சொன்னார், பத்திரிகையாளர் சொன்னார். கேட்பதற்குத்தான் நாதியில்லை.

பிறகு இந்திய அரசு, பாதிக்கப்பட்டோர் அனைவரின் பிரதிநிதியாகத் தன்னைச் சட்டப்படி அறிவித்துக்கொண்டு, 1985இல் நியூயார்க் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே ஒரு விசித்திரமான நாடகம் அரங்கேறியது. எங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்கு இத்தகைய வழக்கைக் கையாளும் திறன் இல்லை என்று இந்திய அரசு வாதிட்டது. இல்லையில்லை, இந்திய நீதித்துறை மிகச் சிறந்தது என்று கார்பைடு வாதிட்டது; அதற்காக நம் நாட்டின் புகழ்பெற்ற வழக்கறிஞரான நானி பல்கிவாலாவின் கருத்துரையையும் தாக்கல் செய்தது. 1986 மே மாதம் நீதிபதி கீனன், வழக்கு இந்தியாவிலேயே நடக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். இந்தியாவின் சுயமரியாதையை மதிப்பதாகத் தீர்ப்பில் பேசப்பட்டது. மதிப்பின் விலை 1989இல் தெரிந்தது: 300 கோடி டாலருக்கும் மேல் கோரப்பட்ட வழக்கு 47 கோடி டாலரில் முடிக்கப்பட்டது. கூடுதல் இழப்பீடு கோரிய சீராய்வு மனுவையும் உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்துவிட்டது.

இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே. ஆயிரக்கணக்கானோர் இறந்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட போபாலுக்கு 47 கோடி டாலர். அமெரிக்க அரசிடம் பொய்த் தரவு கொடுத்ததற்கு 50 கோடி டாலர். இடையில் 24 ஆண்டுகள். டாலரின் மதிப்பு மாறியிருக்கிறது. குற்றங்களின் தன்மையும் வேறு. எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. அமெரிக்க நீதிமன்றத்தின் கதவு ரான்பாக்ஸி வழக்கில் திறந்தது, போபால் வழக்கில் மூடியது. இந்திய உயிர் போனபோது அது இந்தியாவின் விவகாரம். அமெரிக்கப் பணம் போனபோது அது அமெரிக்காவின் விவகாரம்.

சர்வதேசப் பொறுப்புக்கூறல் என்ற சொல்லை நாம் கேட்கும்போதெல்லாம் இதை மனதில் நிறுத்த வேண்டும். அண்மை உதாரணம் ஒன்று. இந்தியாவில் சூரிய மின்சார ஒப்பந்தங்களுக்காக 25 கோடி டாலருக்கும் மேல் கையூட்டு தரத் திட்டமிடப்பட்டதாக அதானி குழுமத் தலைவர் உள்ளிட்டோர் மீது 2024 நவம்பரில் நியூயார்க்கில் குற்றப்பத்திரிகை வெளியானது. குழுமம் குற்றச்சாட்டுகளை மறுத்துள்ளது. அதில் கவனிக்க வேண்டியது, வழக்கின் அடிப்படை அமெரிக்க முதலீட்டாளர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பதுதான். ஒப்பந்தத்தின் சுமையைத் தாங்கப்போகும் ஆந்திர, ஒடிசா மின் நுகர்வோர் அங்கே யாருக்கும் கணக்கில் இல்லை. இரண்டரை மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 10 அன்று, வெளிநாட்டு ஊழல் நடவடிக்கைகள் சட்டத்தின் அமலாக்கத்தையே நிறுத்திவைக்கும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். அமெரிக்க நிறுவனங்களின் போட்டித்திறன் பாதிக்கப்படுகிறது என்று வெளிப்படையாகவே காரணம் சொல்லப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் சட்டம் அதன் வசதிக்கேற்ப விழிக்கும், உறங்கும். அதை நம்பி நம் நாட்டு மக்களின் பாதுகாப்பை அடகு வைக்க முடியாது.

இங்கே சில தோழர்கள் மனதில் எழும் ஐயத்தையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பொதுப்பெயர் மருந்துத் தொழிலைக் காப்பதற்காகப் போராடிய இயக்கம் நம்முடையது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம்தான் இந்த நாட்டில் மருந்து விலையைக் கீழே இறக்கியது. 2005இல் அதைத் திருத்தியபோது, பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு சட்டத்தில் இடம்பெற்றதில் இடதுசாரிகளின் பங்கு உண்டு. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்துக் கூட்டை 2001இல் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது சிப்லா என்ற இந்திய நிறுவனம். புற்றுநோய் மருந்து வழக்கில் நோவார்ட்டிஸை உச்ச நீதிமன்றம் தோற்கடித்தது 2013 ஏப்ரல் 1 அன்று. அதற்கு ஆறு வாரங்கள் கழித்துத்தான் ரான்பாக்ஸி குற்றத்தை ஒப்புக்கொண்டது. பன்னாட்டு மருந்து ஏகபோகங்களுக்கு இதைவிட வேறென்ன பரிசு வேண்டும்? இந்திய மருந்து என்றாலே போலி என்ற பிரச்சாரத்துக்கு எண்ணெய் வார்த்தாயிற்று.

அப்போது நம்மில் சிலர் கேட்டோம். நானும் கேட்டவர்களில் ஒருவன் என்பதை மறைக்கவில்லை. தாக்கூர் போன்றவர்கள் ஏகாதிபத்தியத்துக்குத் துணைபோகிறார்களா என்று. இன்று யோசிக்கும்போது, அந்தக் கேள்வியே தவறு என்று தோன்றுகிறது. பொதுப்பெயர் மருந்துக்குக் கேடு செய்தது பொய்த் தரவைத் தயாரித்த முதலாளியா, அதை அம்பலப்படுத்திய ஊழியரா? ஆளும் வர்க்கத்தின் பத்திரிகைகளுக்கு, அம்பலப்படுத்துபவர் எப்போதும் தேசவிரோதி. நாமும் அதே சொல்லை வேறு அகராதியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.லைச் சாகவிட்டு, தனியார் கையில் துறை முழுவதையும் ஒப்படைத்த பிறகு, அந்தத் தனியாரைக் கண்காணிக்க ஆளில்லாமல் செய்ததுதான் குற்றத்தின் வேர்.

சரி, தாக்கூர் இந்தியாவில் என்ன செய்திருக்க முடியும்? சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தமது பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு கைமாறியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாண்டுகள் கழித்து, கலப்பட எரிபொருள் விற்ற பங்க்குக்கு முத்திரை வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கொல்லப்பட்டார். இந்தப் பலிகளுக்குப் பிறகு, 2014 மே மாதம் ஒரு பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அது இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. மோடி அரசு செய்ததெல்லாம், அதை மேலும் நீர்த்துப்போகச் செய்யும் திருத்த மசோதாவை 2015இல் மக்களவையில் நிறைவேற்றியதுதான். அப்படியே நடைமுறைக்கு வந்தாலும் அச்சட்டம் அரசு ஊழியர்களின் ஊழலுக்கு மட்டுமே பொருந்தும். தனியார் நிறுவனத்தின் குற்றத்தைச் சொல்லும் ஊழியருக்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

நிறுவனங்கள் சட்டம் 2013, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் 'விழிப்பு ஏற்பாடு' ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. புகார் யாரிடம் போகும்? இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம். ரான்பாக்ஸியில் தாக்கூரின் குழு தயாரித்த அறிக்கையும் இயக்குநர்களின் ஓர் உட்குழுவிடம்தான் போயிற்று. திருடனிடமே சாவியைக் கொடுப்பது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

2013க்குப் பிறகு தாக்கூர் தமது முயற்சியை இந்தியாவுக்குத் திருப்பினார். மருந்துக் கட்டுப்பாட்டு முறையைச் சீரமைக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2016 மார்ச்சில் நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்தது. அதே ஆண்டுதான் சிங்கப்பூரில் தாய்ச்சிக்குத் தீர்ப்புக் கிடைத்தது. 2023இல் 'ஜன் விஸ்வாஸ்' என்ற பெயரில், மக்கள் நம்பிக்கை என்று பொருள், ஒன்றிய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தரமற்ற மருந்து தயாரித்த சில வழக்குகளில் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளலாம் என்று மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தைத் திருத்தியது. யாருடைய நம்பிக்கை என்று கேட்க வேண்டியதில்லை.

இதன் விளைவுகளைத் தோழர்கள் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். 2022 அக்டோபரில், அரியானாவின் சோனிபட்டில் தயாரான இருமல் மருந்துகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தபோது, காம்பியாவில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாதிரிகள் தரமாகவே உள்ளன என்று பதில் எழுதியது. பெற்றோர்கள் தங்கள் நாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்து உஸ்பெகிஸ்தான், மருந்து நொய்டாவிலிருந்து சென்றது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த இருமல் மருந்து தயாரானது நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அதில் 48.6 விழுக்காடு டை எத்திலின் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. வாகனங்களின் குளிர்விப்பானில் சேர்க்கும் இரசாயனம் அது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரைக் கொன்றதும் அதே பொருள். அதற்கு நீதிபதி லெண்டின் ஆணையமும் அமைத்து அறிக்கையும் வாங்கினோம்.

இத்தகைய ஆலை ஒன்றை மனக்கண்ணில் பாருங்கள். வழக்கமான கரைப்பான் வராமல் வேறு பீப்பாய் வந்தால் முதலில் பார்ப்பவர் யார்? சரக்கு இறக்கும் தொழிலாளி. முத்திரையை உடைத்து ஊற்றுபவர் ஒப்பந்தத் தொழிலாளி. சோதனை நடத்தாமலே பதிவேட்டில் சரி என்று எழுதச் சொன்னால், எழுதுவது பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ சம்பளம் வாங்கும் ஆய்வகப் பெண். இவர்களுக்கு மேரிலாந்து நீதிமன்றம் தெரியாது. தாக்கூருக்கு அமெரிக்காவில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, வழக்கறிஞர் கிடைத்தார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாளைய வேலையே உறுதியில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறு நகரத்தில் மருத்துவர் ஒருவர் எங்கள் நிறுவனத்தின் மாத்திரைப் பட்டை ஒன்றை மேசை மீது போட்டார். காலாவதியாக இன்னும் ஓராண்டு இருந்தது. மாத்திரைகள் உள்ளேயே மாவாகிப் போயிருந்தன. நான் மேலாளருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டாம் முறை எழுதினேன். அடுத்த மாதம் எனது வேலைப் பகுதி நானூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றப்பட்டது. சங்கம் தலையிட்டு மாறுதலை ரத்து செய்ய வைத்தது. அந்த வெற்றியைக் கொண்டாடினோம். ஆனால் மாத்திரை என்ன ஆயிற்று என்று சங்கம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பணிமாறுதல் எங்கள் கோரிக்கை, மாத்திரை எங்கள் கோரிக்கை அல்ல என்று நினைத்துக்கொண்டோம். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது என்னை உறுத்துகிறது.

வேறு விதமாக நடந்த இடமும் உண்டு. கொடைக்கானலில் யூனிலீவரின் இந்திய நிறுவனம் நடத்திய வெப்பமானி ஆலை, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. 2001இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாக நின்று பதினைந்து ஆண்டுகள் விடவில்லை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு ஆதரவான உடன்பாட்டில் நிறுவனம் கையெழுத்திட்டது. உலகெங்கும் அந்த நிறுவனத்தின் பெயர் நாறியதும் அதற்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்றத்தை உலகுக்குக் கொண்டுபோனவர்களின் பின்னால் நோயுற்ற தொழிலாளர்களின் அமைப்பு நின்றது.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இந்த அனுபவத்திலிருந்து வருபவை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனியார் துறைக்கும் விரிவுபடுத்தி உடனே நடைமுறைப்படுத்த வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை, முதலாளி மீது புகார் கொடுத்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. 1982இல் நிறைவேறிய அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 81ஆம் உடன்படிக்கையையோ இந்தியா 1949இலேயே ஏற்றுவிட்டது. புகார் தந்தவர் யார் என்பதைத் தொழிலாளர் ஆய்வாளர் இரகசியமாக வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அந்த ஆய்வாளரை 'ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்' ஆக்கிவிட்டன. யாருக்கு வசதி? இவை நான்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன.

சர்வதேச அரங்கை நாம் கைவிட வேண்டும் என்பதல்ல. 2014 ஜூனில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் ஈக்வடாரும் தென்னாப்பிரிக்காவும், பன்னாட்டு நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தன. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் எதிர்த்து வாக்களித்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அந்த வாக்கை நாம் அரசுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கலாம். நீதிபதி கீனனைப் போல் ஒருவர் வேறு நாட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்ப முடியாத நிலை அப்போதுதான் உருவாகும். பேச்சுவார்த்தை பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது சங்கம்தான். மருந்து, இரசாயனம், உணவுப் பதப்படுத்தல் ஆலைகள் உள்ள பகுதிகளின் கிளைகள் ஒரு வேலையைத் தொடங்கலாம். தொழிலாளி தனது பெயர் வெளிவராமல் தான் கண்டதைச் சொல்வதற்குச் சங்கத்தில் நம்பகமான ஒரு தோழரைப் பொறுப்பாக்குங்கள். அவர் கேட்டதை எழுதி வைக்கட்டும். தேதி, தொகுதி எண், பீப்பாயின் மீது இருந்த பெயர், யார் பணியில் இருந்தார்கள் என்பது உட்பட. புகார் சங்கத்தின் பெயரில் போகட்டும், தனி ஆளின் பெயரில் அல்ல. நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் உறுப்பினராக உள்ள சங்கங்களில் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீப்பாயைத் திறப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் நம் சங்கத்தில் இல்லை.

நேரம் கடந்துவிட்டது. தோழர்களின் கேள்விகளுக்கு வருவோம்.